நிலத்தை அப்புறம் வாங்கலாம்

கேள்வி: ஐயா, எனக்கு 38 வயது, ஊர் ஓசூர். படிப்பு முடிந்த நாளிலிருந்து பாறையேற்றம்தான் தொழில். ஹம்பியில் போல்டரிங் (கயிறில்லாமல் உயரம் குறைந்த பாறைகளில் ஏறுவது), பாதாமியில் கயிறு கட்டி ஏறுவது, சீசனில் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது, நடுவில் இமயமலைக்குக் குழுக்களைக் கூட்டிப்போவது என்று ஓடியது. போன வருஷம் தோள்பட்டையில் ஆபரேஷன். அதற்கு முன் ஸ்பெயினில் சியுரானா என்ற ஊருக்கு ஏறப் போயிருந்தபோது, செலவுக்காகப் பக்கத்துத் தோட்டத்தில் கொஞ்ச நாள் திராட்சை பறித்தேன். அப்போது பிடித்த ஆசை இன்னும் விடவில்லை. கையில் 40 லட்சம் இருக்கிறது. ஹம்பி பக்கம் ஐந்து ஏக்கர் பார்த்து வைத்திருக்கிறேன். மனைவி வீட்டுக்குக் கம்பம் பள்ளத்தாக்கில் மூன்று ஏக்கர் பன்னீர் திராட்சை உண்டு. சின்னதாக ஒரு ஒயினரி தொடங்கலாமா? என்னைப் போல் யாராவது செய்திருக்கிறார்களா? பாறையேற்றத்தில் எனக்கிருக்கும் பெயர் விற்பனைக்கு உதவுமா? மனைவி ஒன்றே ஒன்றுதான் கேட்கிறாள்: “நீங்க மலைக்குப் போயிட்டா ஒயின் டாங்கை யார் பாப்பாங்க?”

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்திலேயே கூர்மையான கேள்வி உங்கள் மனைவி கேட்டதுதான். அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் அந்த ஐந்து ஏக்கர். அட்வான்ஸ் கொடுத்துவிடவில்லையே? கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதீர்கள். ஒயின் தொழிலுக்கு வரும் பலர் செய்யும் முதல் காரியம் நிலம் வாங்குவது. அதைத்தான் கடைசியாகச் செய்ய வேண்டும் என்பது என் கட்சி.

உங்கள் பாஷையிலேயே சொல்கிறேன். ஹம்பியில் ஒரு கஷ்டமான பாறை உங்களைக் கீழே தள்ளினால், பத்து நிமிஷம் ஓய்வெடுத்துவிட்டு மறுபடி ஏறுவீர்கள். ஒரே மாலையில் இருபது தடவை முயலலாம். எந்த விரல் வழுக்கியது, எந்தக் கால் தாமதித்தது என்று உடனே தெரிந்துவிடும். ஒயினில் அது கிடையாது. வருஷத்துக்கு ஒரு முயற்சிதான். ஜனவரியில் ஒரு வாரம் முன்கூட்டிப் பறித்ததன் பலன் அடுத்த வருஷம் பாட்டிலைத் திறக்கும்போதுதான் நாக்கில் படும். அதற்குள் அடுத்த அறுவடையும் முடிந்திருக்கும், அதே தப்போடு. 38 வயதில் தொடங்கினால் உடம்பு ஒத்துழைக்கும் காலத்துக்குள் ஒரு இருபத்தைந்து அறுவடை பார்ப்பீர்கள். அதில் முதல் ஐந்தைச் சொந்தப் பணத்தில், சொந்த நிலத்தில், ஒன்றும் தெரியாமல் செலவழிக்கலாமா என்பதுதான் உங்கள் முன்னால் இருக்கும் கேள்வி.

ஐந்து என்று சும்மா சொல்லவில்லை. இந்த வருஷம் வேர்ச்செடி நட்டு, அதில் கபர்னே, ஷிராஸ் போன்ற ஒயின் திராட்சை ரகத்தை ஒட்டுக் கட்டினால், ஒயினுக்குத் தேறும் காய் மூன்றாம் வருஷம். சிவப்பு ஒயின் என்றால் பீப்பாயில் சுமார் ஒரு வருஷம், பாட்டிலில் சில மாதம். முதல் ரூபாய் உள்ளே வர ஐந்தாம் வருஷம் ஆகும். அதுவரை சொட்டுநீர், கம்பி, தூண், மருந்து, கூலி எல்லாம் வெளியே போகிற பணம். எட்டடிக்கு நாலடி இடைவெளியில் நட்டால் ஏக்கருக்கு 1,360 செடி வரும். ஐந்து ஏக்கருக்கு 6,800. ஒவ்வொன்றையும் வருஷத்துக்கு இரண்டு முறை கவாத்து செய்ய வேண்டும்.

ஏன் இரண்டு முறை? சியுரானாவில் நீங்கள் பார்த்த கொடிகள் குளிர்காலத்தில் இலை உதிர்த்துத் தூங்கிவிடும். நம் ஊர்க் கொடிக்குத் தூக்கமே இல்லை. அதனால் ஏப்ரலில் ஒரு வெட்டு, காய்க்கும் கிளையை வளர்க்க. செப்டம்பர், அக்டோபரில் இன்னொரு வெட்டு, பூவுக்கும் காய்க்கும். அறுவடை ஜனவரியிலிருந்து மார்ச் வரை, சில இடங்களில் ஏப்ரல் வரைக்கும் இழுக்கும். இரண்டாவது வெட்டுக்குப் பின் மொட்டெல்லாம் ஒரே சமயத்தில் வெடிக்க வேண்டும் என்று ஹைட்ரஜன் சயனமைடு என்ற மருந்தைத் துணியில் நனைத்து, கையுறை போட்டு, ஒவ்வொரு கிளையிலும் தடவுவார்கள். அந்த மருந்தைத் தொட்டவர் அதையொட்டிய நாட்களில் மது குடிக்கவே கூடாது. குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தியெடுத்துப் படுத்துவிடுவார். ஒயினுக்காகவே வளர்க்கும் தோட்டத்தில் மது தொடக்கூடாத நாட்கள் இருக்கின்றன என்பதைப் புதிதாக வருகிறவர்கள் நம்ப மாட்டார்கள்.

இப்போது காலண்டரை எடுத்துப் பாருங்கள். ஹம்பியில் பாறை குளிர்ந்து ஷூவின் ரப்பர் பிடிப்பது நவம்பர் முதல் பிப்ரவரி வரை. உங்கள் வருமானமும் அந்த மாதங்களில்தான். கொடி உங்களைக் கேட்பதும் சரியாக அதே மாதங்களில்தான். அடிச்சாம்பல் நோய்க்கு வானத்தைப் பார்த்து மருந்தடிப்பது, குலை குறைப்பது, பறவைக்கு வலை போடுவது, பிறகு அறுவடை. ஹம்பியில் தோட்டம் வைத்தால் பாறை பக்கத்திலேயே இருக்கும் என்று நினைத்திருப்பீர்கள். இருக்கும். நீங்கள்தான் அங்கே போக மாட்டீர்கள்.

உங்களைப் போல் யாராவது செய்திருக்கிறார்களா என்று கேட்டீர்கள். நீங்கள் நிலம் பார்த்திருக்கும் அதே பகுதியில் ஒரு ஜோடி உண்டு. கிருஷ்ண பிரசாத் சிகுருபாட்டி, உமா சிகுருபாட்டி. ஏழு கண்டங்களிலும் மாரத்தான் ஓடியவர்கள், வடதுருவத்திலும் ஓடியவர்கள். ஹம்பி மலைப் பகுதியில் கபர்னே சாவிஞ்யோன், சாஞ்சியோவேசே எல்லாம் நட்டு, இருவர் பெயரையும் சேர்த்து ‘க்ரஸ்மா’ என்று ஒயின் போடுகிறார்கள். நல்ல ஒயின். ஆனால் அவர்கள் கிரானியூல்ஸ் என்ற மருந்துக் கம்பெனியை வளர்த்த பிறகு இதில் இறங்கியவர்கள். தோட்டம் காய்க்கும்வரை பொறுத்திருக்க அவர்களிடம் இன்னொரு தொழில் இருந்தது. அந்தப் பாதியை விட்டுவிட்டு மாரத்தான் பாதியை மட்டும் பார்த்து நாம் கிளம்பக்கூடாது.

இன்னொருவரை உங்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை: ரைன்ஹோல்ட் மெஸ்னர். 8,000 மீட்டருக்கு மேலான 14 சிகரங்களையும் 1986க்குள் முதல் ஆளாக ஏறி முடித்தவர். 1983ல் வட இத்தாலியில், தென் டைரோல் பகுதியில், யுவால் என்ற பழைய கோட்டையை வாங்கினார். கோட்டைக்குக் கீழே நிற்கவே கஷ்டமான சரிவில் உன்டர்ஓர்ட்ல் என்று அவருடைய பண்ணை இருக்கிறது. அங்கே விளையும் ரீஸ்லிங் ஒயினுக்கு நல்ல பெயர். அந்தப் பெயரைச் சம்பாதித்தவர் மெஸ்னர் அல்ல. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அந்தப் பண்ணையைக் குத்தகைக்கு எடுத்து நடத்த வந்த மார்ட்டின் அவ்ரிக் என்ற ஒயின்காரரும் அவர் மனைவியும். ஆக்சிஜன் இல்லாமல் எவரெஸ்ட் ஏறிய மனிதர் தன் திராட்சையைத் தெரிந்தவர் கையில் கொடுத்துவிட்டார். எனக்கு மெஸ்னரின் எல்லாக் கருத்தோடும் ஒப்புதல் கிடையாது, ஆனால் இந்த ஒரு முடிவை மெச்சுவேன்.

உங்களுக்கு நான் சிபாரிசு செய்வது மூன்றாவது உதாரணத்தை. நீங்கள் அதன் பக்கத்திலேயே ஏறிவிட்டு வந்திருக்கிறீர்கள். சியுரானாவின் அடிவாரத்தை ஒட்டி இருப்பதுதான் பிரியோராட். இன்று ஸ்பெயினின் விலையுயர்ந்த ஒயின்களில் சில அங்கிருந்து வருகின்றன. எண்பதுகளில் அது ஆள் காலி செய்துகொண்டிருந்த பிரதேசம். 1989ல் கிராடலோப்ஸ் என்ற கிராமத்தில் ரெனே பார்பியே, ஆல்வரோ பலாசியோஸ், டாஃப்னி குளோரியன் உள்ளிட்ட ஐந்து பேர் என்ன செய்தார்கள் தெரியுமா? ஆளுக்கொரு ஒயினரி கட்டவில்லை. ஐந்து பேர் திராட்சையையும் ஒன்றாகப் போட்டு, ஒரே கட்டடத்தில், ஒரே ஒயினாகச் செய்து, ஐந்து லேபிளில் விற்றார்கள். சில அறுவடைகள் கழித்து, கை பழகிய பிறகுதான் பிரிந்து போனார்கள். இன்று உலகம் முழுக்கத் தெரிந்த பெயர்களின் தொடக்கமே பொதுக் கூரையும் கூட்டுச் சமையலும்தான்.

ஆகவே, நீங்கள் செய்ய வேண்டியது இது.

வரும் ஜனவரியில் நந்தி மலை பக்கமோ நாசிக்கிலோ ஒரு ஒயினரியில் அறுவடைக் கையாளாகச் சேருங்கள். முதலீட்டாளர், ஆலோசகர் என்றெல்லாம் சொல்லிக்கொண்டு போகாதீர்கள். ஹோஸ் பிடிக்க ஆள் வேண்டுமா என்று கேளுங்கள். மார்ச்சில் முடியும். அதே வருஷம் செப்டம்பரில் உங்களுக்குத் தெரிந்த அந்த ஸ்பெயின் தோட்டத்துக்கே எழுதுங்கள், இந்த முறை தோட்டத்தில் அல்ல, உள்ளே, டாங்குகளுக்கு நடுவில் வேலை கேட்டு. வேலைக்கான விசாவை முறையாக எடுங்கள், சுற்றுலா விசாவில் போய் மாட்டிக்கொள்ளாதீர்கள். வருஷத்துக்கு ஒரு முயற்சிதான் என்றேனே, அதற்கு இருக்கும் ஒரே குறுக்குவழி இது: நம் ஊரில் ஜனவரி முதல் மார்ச், ஐரோப்பாவில் செப்டம்பர், அக்டோபர். இரண்டு வருஷத்தில் நான்கு அறுவடை. அக்டோபரில் அறுவடை முடியும்போது சியுரானாவில் ஏறும் சீசன் தொடங்கும், அது உங்களுக்குத் தெரியாததல்ல.

அந்த வேலை எப்படி இருக்கும் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். அதிகாலை மூன்று மணிக்கு ஹெட்லேம்ப் கட்டிக்கொண்டு பறிப்பு தொடங்கும், வெயில் ஏறுவதற்குள் காய் உள்ளே வந்துவிட வேண்டும். இருபது கிலோ கிரேட்டுகள் வரிசையாக இறங்கும். காம்பு பிரிக்கும் இயந்திரத்தைச் சுற்றி எறும்பும் குளவியும் மொய்க்கும். சிவப்பு ஒயின் நொதிக்கும்போது தோலெல்லாம் மேலே மிதந்து பாய் விரித்த மாதிரி இறுகிக்கொள்ளும். அதை ஒரு நீளக் கழியால் நாளைக்கு மூன்று நான்கு தடவை உள்ளே அழுத்த வேண்டும், இரவு உட்பட. உங்கள் கைகள் இதில் ஜெயிக்கும், சந்தேகமில்லை. ஆனால் நாளில் முக்கால்வாசி நேரம் கழுவல்தான். டாங்க் கழுவு, பம்ப் கழுவு, குழாய் கழுவு, தரை கழுவு, மறுபடி டாங்க். பாறையில் நின்றால் ஊர் உங்களைப் பார்க்கும். இங்கே நீங்கள் கழுவியதை யாரும் பார்க்க மாட்டார்கள், கழுவாமல் விட்டதை மட்டும் பார்ப்பார்கள். இந்த மூன்று மாதம் உங்களுக்குப் பிடித்திருந்தால் ஒயின் உங்களுக்குப் பிடிக்கிறது என்று அர்த்தம். ருசி பார்ப்பது பிடித்திருப்பது வேறு விஷயம். ருசி பார்த்ததையும் துப்பப் பழகிக்கொள்ளுங்கள். விழுங்கிக்கொண்டே வேலை செய்தவர்கள் என்ன ஆனார்கள் என்று இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும்.

உங்களைப் போன்றவர்களிடம் எனக்கு ஒரு பயம் உண்டு. துணிச்சல். ஒரு லிட்டர் சாறு நொதித்து முடிவதற்குள் ஐம்பது லிட்டருக்கு மேல் கரியமில வாயு வெளியே வரும். அது காற்றைவிடக் கனமானது, காலியான டாங்கின் அடியிலும் தரைப்பள்ளத்திலும் தங்கிவிடும். நிறமோ வாசனையோ வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. டாங்கைக் கழுவ இறங்கியவர் இரண்டு மூச்சில் சுருண்டுவிடுவார். அவரைத் தூக்க உள்ளே குதிக்கிறவர்தான் இரண்டாவதாகச் சாவார். மலையில் கூட்டாளி விழுந்தால் நீங்கள் யோசிக்காமல் இறங்குவீர்கள், அப்படித்தான் பழகியிருக்கிறீர்கள். ஒயினரியில் முதல் நாளே அந்தப் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். மின்விசிறி, வாயு அளக்கும் கருவி, மேலே கயிறு பிடிக்க ஒரு ஆள், இது மூன்றும் இல்லாமல் யார் சொன்னாலும் உள்ளே இறங்காதீர்கள். முதலாளியே சொன்னாலும்.

சரி, இரண்டு வருஷம் ஆயிற்று, ஆசை இன்னும் இருக்கிறது. அப்போதும் நிலம் வேண்டாம். திராட்சை வாங்குங்கள். நந்தி பக்கத்திலும் விஜயபுரா பக்கத்திலும் ஒயின் ரகங்களை வளர்த்து விற்கும் விவசாயிகள் இருக்கிறார்கள். ஒரு தோட்டக்காரரோடு பேசி, மூன்று டன் எடுங்கள். லைசென்ஸ் உள்ள ஒரு ஒயினரியில் இடமும் டாங்கும் வாடகைக்குப் பேசி, அங்கேயே ஒயின் போடுங்கள். வீட்டுக் கொட்டகையில் போட்டு நண்பர்களுக்கு விற்கலாம் என்ற நினைப்பு இருந்தால் அதை இப்போதே மறந்துவிடுங்கள், கலால் துறைக்கு நட்பு தெரியாது. ஒரு டன் காயில் சுமார் 650 லிட்டர் ஒயின் தேறும். மூன்று டன்னுக்கு ஏறக்குறைய 2,600 பாட்டில். நாற்பது லட்சத்தில் ஒரு பகுதிதான் இதில் போகும். தோற்றாலும் வீடு மிஞ்சும்.

2,600 பாட்டிலை யார் வாங்குவார்கள்? இங்கேதான் உங்கள் பெயர் விஷயம் வருகிறது. உங்களிடம் ஏறக் கற்றுக்கொண்டவர்கள், கூடப் பயணம் செய்தவர்கள் என்று ஒரு இருநூறு பேர் அன்போடு ஆளுக்கொன்று வாங்குவார்கள். 225 லிட்டர் பீப்பாய் ஒன்றிலேயே 300 பாட்டில் இருக்கிறது. அதாவது உங்கள் புகழ் ஒரு பீப்பாயைக்கூடக் காலி செய்யாது. மீதியை, உங்களை யாரென்றே தெரியாத ஒரு உணவக மேலாளரிடம் நின்று விற்க வேண்டும். மாநிலத்துக்கு மாநிலம் லேபிள் பதிவு தனி, வரி தனி, பெர்மிட் தனி. பாட்டிலுக்கும் கார்க்குக்கும் நீங்கள் கட்டும் ஜிஎஸ்டியைத் திரும்ப எடுக்க முடியாது, ஏனென்றால் மதுவே ஜிஎஸ்டிக்கு வெளியே இருக்கிறது. சின்ன ஒயினரிகள் பிழைப்பது பெரும்பாலும் தோட்டத்துக்கே ஆட்களை வரவழைத்து, சுற்றிக்காட்டி, ஊற்றிக்கொடுத்து விற்பதில்தான். நாசிக்கில் சுலா என்ற ஒயின் கம்பெனி 2005ல் சுவைக்கூடம் திறந்து காட்டிய வழி அது. நிலம் வாங்கும் காலம் வரும்போது, மண் எப்படி என்று பார்ப்பதோடு பெங்களூரிலிருந்து ஒரு குடும்பம் காலையில் கிளம்பி மாலையில் திரும்ப முடியுமா என்றும் பாருங்கள். அந்தக் கணக்கில் ஹம்பி தூரம். ஆனால் அங்கே ஏற்கெனவே சுற்றுலாக் கூட்டம் வருகிறது. அது வேறு கணக்கு, உட்கார்ந்து போட வேண்டும். இன்னொன்று, எந்த ஊராக இருந்தாலும் பிரெஞ்சு பீப்பாய்க்கு முன் ஜெனரேட்டர் வாங்குங்கள். நொதிக்கும் டாங்கைக் குளிர்விக்கும் சில்லர் ஒரு ராத்திரி நின்றால் போதும், ஒரு வருஷ உழைப்பு வெந்துவிடும்.

நில உரிமைச் சட்டமும் ஊருக்கு ஊர் மாறும். மகாராஷ்டிராவில் விவசாயியாக இல்லாதவர் விளைநிலம் வாங்க முடியாது. கர்நாடகத்தில் 2020ல் சட்டத்தைத் தளர்த்தினார்கள். வக்கீலைப் பார்க்காமல் புரோக்கர் பேச்சில் கையெழுத்துப் போடாதீர்கள்.

மாமனார் வீட்டு மூன்று ஏக்கரை என்ன செய்வது? ஒன்றும் செய்யாதீர்கள். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, வருஷம் முழுக்கச் சந்தைக்குக் காய் போகும் பள்ளத்தாக்கு அது. ரகத்தின் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். வாசனை அபாரம். ஆனால் பந்தலில் குலை குலையாகத் தொங்கவிட்டுச் சாப்பிடும் பழமாக வளர்ப்பது, சந்தைக்குப் பறிக்கும் பக்குவத்தில் ஒயினுக்கு வேண்டிய சர்க்கரை இருக்காது. விளைச்சலைக் குறைத்து, காத்திருந்து பறித்தால் மெல்லிய, வாசனையான ரோஜா நிற ஒயின் ஒன்று வரலாம், எனக்கே அதில் ஒரு கண் உண்டு. ஆனால் தமிழ்நாட்டில் சில்லறைக் கடை என்றால் டாஸ்மாக் மட்டும்தான். ஒரு சின்ன லேபிள் அந்த அலமாரியில் ஏறுவது பாதாமியில் எந்தப் பாதையையும்விடக் கடினம். அந்தத் தோட்டம் இப்போது வீட்டுக்குச் சோறு போடுகிறது, அதில் கை வைக்காதீர்கள். ஒரே ஒரு உதவி கேளுங்கள்: மாமனாரோடு ஒரு கவாத்துப் பருவம் முழுக்க நின்று கத்தரி பிடியுங்கள். எந்தக் கணுவில் காய் இருக்கிறது என்று கண் பழகுவதற்கு அதைவிட நல்ல பள்ளிக்கூடம் காசு கொடுத்தாலும் கிடைக்காது.

இப்போது உங்கள் மனைவியின் கேள்வி. நீங்கள் மலைக்குப் போனால் டாங்கை யார் பார்ப்பது? நேர்மையான பதில், அக்டோபரிலிருந்து மார்ச் வரை நீங்கள் மலைக்குப் போக மாட்டீர்கள். வாடகை டாங்க் வைத்திருக்கும் முதல் சில வருஷம், அந்த ஒயினரியின் ஆட்கள் ஓரளவு பார்ப்பார்கள், அதனால் நடுவில் ஒரு வாரம் கிடைக்கலாம். சொந்த ஒயினரி என்றால் அதுவும் இல்லை. மே, ஜூன் உங்களுடையது, இமயமலைக் குழுக்களை அப்போது கூட்டிப்போகலாம், அந்த வருமானத்தை விடாதீர்கள். இதை அப்படியே அவரிடம் சொல்லுங்கள். அறுவடை மூன்று மாதம் நீங்கள் வீட்டில் இருந்தும் இல்லாத மாதிரிதான் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ‘நான் பார்க்கிறேன்’ என்று அவர் ஒருவேளை சொன்னால், சம்பளம் எவ்வளவு, பங்கு எவ்வளவு என்று எழுதிவிட்டுப் பேசுங்கள். மனைவியின் கூலியில்லா உழைப்பில் ஓடும் ஒயினரிகளை நான் நிறையப் பார்த்தாயிற்று.

நவம்பரில் ஆள் எடுக்கத் தொடங்கிவிடுவார்கள், அதற்குள் எழுதிக் கேளுங்கள். அதற்கும் முன்னால் ஆபரேஷன் செய்த டாக்டரைப் பார்த்து, இருபது கிலோ கிரேட்டைத் தோள் உயரத்துக்குத் தொடர்ந்து தூக்கலாமா என்று கேட்டுவிடுங்கள். கூடாது என்றால் பரவாயில்லை, பரிசோதனைக் கூடத்தில் சர்க்கரையும் அமிலமும் அளக்கும் வேலை கேளுங்கள். அங்கேயும் ஆள் தேவைதான்.